ஒடிந்த கையும் உண்மையான பொறுமையும்

மனிதன் தன் உடலில் இன்ன உறுப்பு இருக்கின்றது என்பதை, அது நோகும்போதுதான் நினைக்கின்றான். முழங்கை என்றொரு மூட்டு எமக்கு இருப்பதை ஐம்பத்து நான்கு ஆண்டுகள் யாம் பெரிதாக எண்ணியதில்லை. அதன் அரபுப் பெயரை மட்டும் நாள்தோறும் ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். உளூவில் கையைக் கழுவ வேண்டிய எல்லை 'மிர்ஃபக்' வரை என்று மாணவர்களுக்குச் சொல்லி, எம் கையையே மடக்கி, கூரிய அந்த எலும்பு முனையைத் தொட்டுக் காட்டுவது எம் வழக்கம். மூன்று ஆண்டுகட்கு முன், ஓர் ஐப்பசி மாதத்து வைகறையில், அந்த முனையே ஒடிந்து இரண்டாயிற்று.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் மாடியில் எம் குடியிருப்பு. இரவெல்லாம் மழை கொட்டியிருந்தது. பாங்கின் ஒலி கேட்டு ஸுப்ஹுத் தொழுகைக்கு விரைந்த யாம், விளக்கைப் போடச் சோம்பி இருட்டிலேயே படி இறங்கினோம். மூன்றாம் படியில் கால் வழுக்கியது. மடங்கியிருந்த வலக்கையின் முழங்கை, படியின் விளிம்பில் முழு உடற்பாரத்தோடு மோதியது. காய்ந்த சுள்ளி ஒடிவது போன்ற ஓர் ஓசையை யாமே கேட்டோம். எழுந்து பார்த்தால் கையை மடக்க முடிகின்றது. உயர்த்தி நீட்ட முடியவில்லை. முழங்கையின் பின்புறத்தில் கூர்முனை இருக்க வேண்டிய இடத்தில் விரல் வைத்தால் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது.

சந்தில் உள்ளவர்கள் கூடிவிட்டனர். ஒருவர், "ஹஜ்ரத், ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுவை என்பார்கள். புத்தூர்க் கட்டுப் போட்டுவிடலாம், நானே ஆட்டோவில் அழைத்துப் போகிறேன்" என்றார். அவர் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆந்திர மாநிலத்துப் புத்தூரில் ஒரு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் எலும்பு வைத்தியம் தமிழகமெங்கும் பெயர் பெற்றது. பச்சிலைச் சாந்து, முட்டையின் வெண்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவற்றைக் கொண்டு கட்டும் முறை அது. சென்னையில் தெருவுக்குத் தெரு அந்தப் பெயரில் பலகைகள் தொங்குகின்றன. பலகை தொங்கவிட்டோர் எல்லாரும் புத்தூரிலே கற்றவர்கள் தாமா என்பதைக் கேட்பார் இல்லை.

வேறொரு நாளாயிருந்தால் யாமும் இசைந்திருப்போம். ஆனால் 'கட்டு' என்ற சொல் காதில் விழுந்ததும், நாற்பத்திரண்டு ஆண்டுகட்கு முற்பட்ட ஓர் இரவு எம் கண்முன் வந்து நின்றது. அந்த இரவைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

*

அப்போது யாம் தஞ்சை மாவட்டத்து மத்ரஸா ஒன்றில் தங்கி ஓதிக்கொண்டிருந்தோம். எமக்கு வயது பன்னிரண்டு. எம் பாய்க்கு அடுத்த பாயில் படுத்துறங்கும் தோழர் ஒருவர் இருந்தார். அவருடைய அரபுக் கையெழுத்தைக் கண்டு உஸ்தாத்மார்களே வியப்பார்கள். 'லாம்' எழுத்தை அவர் வளைத்து நிறுத்தும் அழகுக்காகவே எங்கள் பலகைகளை அவரிடம் கொடுத்து எழுதி வாங்குவோம். ஒரு வியாழக்கிழமை மாலை நாவல் மரத்தில் ஏறிய அவர் கிளை முறிந்து விழுந்தார். ஊன்றிய வலக்கை, முழங்கைக்குச் சற்று மேலே வீங்கிப் போயிற்று. அருகூர் வைத்தியர் ஒருவர் வந்து இழுத்துச் சரிசெய்து, பத்தை வைத்து, இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு தோழர் உறங்கவில்லை. "கட்டு நெரிக்கிறது, விரலெல்லாம் எரிகிறது, உஸ்தாதை எழுப்பு" என்று எம்மிடம் கெஞ்சினார். யாம் எழுப்பவில்லை. அன்று மாலைதான் பொறுமையின் சிறப்பைப் பற்றி யாம் பாடம் கேட்டிருந்தோம். கற்றதை உடனே சொல்லிக் காட்டும் ஆசையில், "ஸபூர் செய், அல்லாஹ் பொறுமையாளர்களுடன் இருக்கின்றான்" என்று உபதேசித்தோம். நடுநிசிக்குப் பின் அவர் அழுகை தணிந்தது. எம் உபதேசம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்து யாம் உறங்கிப்போனோம். அவர் கை உணர்வற்றுப் போயிருந்தது என்பது அப்போது எமக்குத் தெரியாது.

மறுநாள் விரல்கள் வெளிறி, குளிர்ந்து கிடந்தன. ஜும்ஆவுக்குப் பின்தான் கட்டு அவிழ்க்கப்பட்டது. எலும்பு பிற்பாடு கூடிற்று, கை கூடவில்லை. மாதங்கள் செல்லச் செல்ல முன்கையின் தசை வற்றி, விரல்கள் உள்நோக்கி மடங்கி, பருந்தின் நகம் போலாயின. அந்தக் கை பிறகு 'லாம்' எழுதவே இல்லை.

அதற்கு ஒரு பெயர் இருக்கின்றது என்பதையும், அது எவ்வாறு நேர்கின்றது என்பதையும் யாம் பல்லாண்டுகட்குப் பின்னரே அறிந்தோம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்டு ஃபான் ஃபோல்க்மன் 1881-ஆம் ஆண்டில் இதை விளக்கி எழுதினார். 'ஃபோல்க்மன் சுருக்கம்' என்று அவர் பெயராலேயே மருத்துவ உலகம் இன்றளவும் இதனை அழைக்கின்றது. முன்கையின் தசைகள் விரியாத உறைகளுக்குள் அடைபட்டவை. எலும்பு முறிந்தால் உள்ளே குருதி கசிந்து வீக்கம் பெருகும். அவ்வேளையில் வெளியிலிருந்து கட்டும் இறுக்கினால், உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்குச் செல்லும் நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுகின்றன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் இந்நிலை நீடித்தாலே தசை மடியத் தொடங்கும். மடிந்த தசை தழும்பாகிச் சுருங்கி விரல்களை இழுத்துக்கொள்ளும். மணிக்கட்டில் நாடி துடித்துக் கொண்டிருக்கும்போதே கூட இது நிகழலாம். மூங்கில் பத்தையால் மட்டுமன்று, மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டாலும் நிகழலாம். சில வேளைகளில் கட்டே இல்லாமலும் நிகழலாம். சிறுவர்கள் விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறியும்போது இந்த ஆபத்து மிகுதி.

முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்த பின் வலி குறைந்துகொண்டே வர வேண்டும். குறையாமல் கூடிக்கொண்டே போனால், மடங்கிய விரலைப் பிறர் மெல்ல நீட்டும்போது வலி உயிரை வாங்கினால், விரல் மரத்தால், வெளிறினால், அது பொறுத்துக்கொள்ள வேண்டிய வலியன்று. அது உடல் எழுப்பும் பாங்கு. அக்கணமே கட்டைத் தளர்த்த வேண்டும். நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உரிய நேரத்தில் தசையுறையைக் கீறி அழுத்தத்தை விடுவித்தால் கை பிழைக்கும்.

*

எம் கதைக்கு வருவோம். மனைவி எம் தோள்துண்டை எடுத்து, மடித்த செய்தித்தாளை முன்கைக்கு அடியில் தாங்கலாக வைத்து, கழுத்தோடு சேர்த்துக் கட்டினார். விரல் வீங்குமுன் மோதிரத்தைக் கழற்றினார். யாம் இராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குச் சென்றோம்.

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மகன் வயதுடைய மருத்துவர் ஒருவர் எமக்குப் பாடம் நடத்தினார். 1895-இல் ராண்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டறியும் வரை, உலகத்து மருத்துவர் எல்லாரும் தோலுக்கு வெளியே தடவிப் பார்த்தே முறிவை உணர வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தோம். முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. அதன் தலைப்பகுதிதான் முழங்கையின் கூர்முனை. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். அது அல்னாவைச் சுற்றிப் புரளுகின்றது. அந்தப் புரளுதலால்தான் துஆவுக்கு உள்ளங்கையை வானோக்கி ஏந்துகின்றோம். ஸஜ்தாவில் அதே உள்ளங்கையைத் தரையில் பதிக்கின்றோம். நாள்தோறும் செய்யும் இவ்விரு செயலுக்கும் பின்னே இத்தகைய பொறியமைப்பு இருப்பதை அன்றுதான் அறிந்தோம். பெரியவர்களுக்கு இவ்விரு எலும்புகளும் நடுவில் முறிந்தால், சற்றே கோணலாகக் கூடினாலும் கை புரளாது; ஆகவே பெரும்பாலும் தகடு வைத்துத் திருகாணியால் பொருத்துகின்றனர். வளரும் குழந்தைகளுக்கோ, எலும்பு வளரும்போதே சிறு கோணலைத் தானே நிமிர்த்திக்கொள்ளும். ஆதலால் பல முறிவுகளுக்கு மாவுக்கட்டே போதுமாகின்றது.

எமக்கு முறிந்தது அல்னாவின் முனை. கையை நீட்டும் மேற்கைத் தசை அந்த முனையில்தான் வந்து பற்றுகின்றது. முனை ஒடிந்ததும் தசை அதனை மேலே இழுத்துச் சென்றுவிட்டது. பள்ளம் தட்டுப்பட்டதும், கையை நீட்ட முடியாமற் போனதும் அதனால்தான். "இதை வெளியே எப்படிக் கட்டினாலும் தசை இழுத்துக்கொண்டே இருக்கும், ஐயா. உள்ளே சென்றுதான் கட்ட வேண்டும்" என்றார் மருத்துவர். இரண்டு மெல்லிய கம்பிகளை எலும்புக்குள் செலுத்தி, மற்றொரு கம்பியை எட்டு வடிவில் முறுக்கிப் பூட்டினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. எந்தத் தசை முறிவைப் பிரித்ததோ, அதே தசையின் இழுவையை, கை மடங்கும்போது, இரு துண்டுகளையும் ஒன்றோடொன்று அழுத்தும் விசையாக அந்தக் கம்பி மாற்றிவிடுகின்றது.

அறுவைக்குப் பின் பாதி மாவுக்கட்டுடன், அடையாற்றில் இருக்கும் எம் மகள் வீட்டில் தங்கினோம். கட்டு இருந்தது பதினான்கு நாட்கள். அந்நாட்களில், யாம் முப்பது ஆண்டுகள் ஓதிக் கொடுத்த பாடம் எமக்கே பரீட்சையாக வந்தது.

ஃபிக்ஹு நூல்களில் முறிவுக் கட்டுக்கு 'ஜபீரா' என்று பெயர். எமது ஷாஃபிஈ மத்ஹபின்படி, நலமான பகுதியைக் கழுவி, கட்டின்மேல் ஈரக்கையால் மஸஹ் செய்து, அதனோடு தயம்முமும் செய்ய வேண்டும். தயம்முமின் உறுப்புகளாகிய முகத்திலோ கையிலோ கட்டு இருக்குமாயின், அந்நிலையில் தொழுத தொழுகைகளை நலமானபின் மீட்டியும் தொழ வேண்டும். ஹனஃபீ மத்ஹபிலோ கட்டின்மேல் மஸஹ் செய்தாலே போதும். மீட்டித் தொழ வேண்டியதில்லை. எம்மைப் பார்க்க வந்த ஹனஃபீ இமாம் ஒருவர், "உங்களுக்கு எழுபது வக்து கடன், எனக்கு நேர்ந்திருந்தால் ஒன்றும் இல்லை" என்று நகைத்தார். அந்த எழுபதையும் யாம் நாட்காட்டியில் கோடிட்டு வைத்து, கட்டு அவிழ்ந்தபின் நாளொன்றுக்கு ஐந்தாகத் தொழுது தீர்த்தோம்.

இந்தப் பாடத்தை ஓதும்போதெல்லாம் ஆசிரியர்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வது வழக்கம். அது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பயணம் ஒன்றில் ஒருவரின் தலையைக் கல் தாக்கிக் காயப்படுத்தியது. அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. குளிக்காதிருக்கச் சலுகை உண்டா என்று உடன் வந்தோரிடம் கேட்டார். "தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை" என்றனர் அவர்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், அறியாமல் தீர்ப்புச் சொன்ன அந்தத் தோழர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடிந்தார்கள். தெரியாதபோது கேட்டறிவதே அறியாமைக்கு மருந்து என்றும் உணர்த்தினார்கள்.

எத்தனை ஆண்டுகள் இதை யாம் பிறருக்கு ஓதிக் கொடுத்திருப்போம்! எம்மைக் குறித்தே அது சொல்லப்பட்டது போல ஒரு நாளும் தோன்றியதில்லை. அந்த இரவில் தோழர் எம்மிடம் தீர்ப்புக் கேட்டார். யாம் அறியாமலே தீர்ப்புச் சொன்னோம்.

*

தோழர் எம்மைப் பார்க்க வந்தார். பல ஆண்டுகளாக அவர் இச்சென்னையிலேதான் இருக்கின்றார். இடக்கையால் கணக்கெழுதி, பிள்ளைகளை ஆளாக்கியவர். திருமணங்களில் சந்திப்போம், ஸலாம் சொல்லிப் பிரிவோம்; அந்த இரவைப் பற்றி இருவரும் பேசியதில்லை. அன்று ஆரஞ்சுப் பை ஒன்றை இடக்கையில் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தவர், நலம் விசாரிக்கவில்லை. எம் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்ல நீட்டினார்.

"வலிக்கிறதா?"

"இல்லை."

"மரத்திருக்கிறதா?"

"இல்லை."

நகத்தை அழுத்தி, வெளிறிய நிறம் மீண்டும் சிவக்கின்றதா என்று பார்த்தார். பிறகுதான், "அல்ஹம்து லில்லாஹ்" என்று நாற்காலியில் அமர்ந்தார்.

எம்மால் பொறுக்க முடியவில்லை. "அன்றிரவு நான் உஸ்தாதை எழுப்பியிருந்தால் உன் கை பிழைத்திருக்கும். என்னை மன்னித்துவிடு" என்றோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "நீ அப்போது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. அது போய் நெடுநாளாயிற்று. ஆனால் நீ இப்போது ஹஜ்ரத். ஊர்ப் பிள்ளைகள் உன்னிடம் ஓதுகிறார்கள். பொறுமை என்றால் வாயை மூடிக்கொள்வது என்று அவர்களுக்கும் சொல்லிக் கொடுக்காதே."

அந்தச் சொல் எம்மை வெகுநாள் உறங்கவிடவில்லை. அய்யூப் நபி (அலை) அவர்கள் தமக்குத் துன்பம் நேர்ந்துவிட்டது என்று இறைவனிடம் முறையிட்டார்கள். முறையிட்ட அவர்களையே திருமறை பொறுமையாளர் என்று புகழுகின்றது. அப்படியாயின், வலியைச் சொல்வது பொறுமைக்கு எதிரானதன்று. வலியைச் சொல்லி, மருந்தைத் தேடி, தேடியபின் விளைவை அவனிடம் ஒப்படைத்துக் காத்திருப்பதே பொறுமை. நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளப் பணித்தவர்கள் அல்லரா?

நம் முன்னோர்க்கு இது தெரிந்தே இருந்தது. 1013-இல் மறைந்த குர்துபா நகரத்து அஸ்ஸஹ்ராவீ, தம் 'தஸ்ரீஃப்' நூலின் முப்பதாம் பாகத்தில் எலும்பு முறிவுக்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார். உடற்கூறு அறியாமல் கத்தி எடுப்போரை அதன் முன்னுரையில் கடுமையாகச் சாடினார். 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, முறிந்தவுடனே பத்தை வைத்துக் கட்டாமல், ஐந்து நாட்கள் கடந்து வீக்கம் தணிந்தபின் வைக்குமாறு எழுதினார். மாவுக்கட்டுத் துணியை 1852-இல் மத்தைசன் என்ற டச்சு இராணுவ மருத்துவர் உலகுக்குத் தருவதற்கு எண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட எச்சரிக்கை அது! எம் மத்ரஸாவின் அலமாரியில் இப்னு ஸீனாவின் பெயர் இருந்தது. தோழரின் பாயருகே அவருடைய அறிவு வந்து சேரவில்லை.

*

பதினைந்தாம் நாள் தையலும் கட்டும் நீங்கின. அதன்பின் வந்த நாட்களே கடினமானவை. அசையாதிருந்த முழங்கை, துருப்பிடித்த கீல் போலாகிவிடுகின்றது. உடலின் மூட்டுகளுள் மிக விரைவில் இறுகிப்போவது இதுவே என்றார் இயன்முறைப் பயிற்சி அளித்த அம்மையார். நாள்தோறும் மடக்கவும் நீட்டவும், உள்ளங்கையை வானோக்கியும் மண்ணோக்கியும் புரட்டவும் பழக்கினார்; அந்த அசைவை யாமே செய்ய வேண்டும் என்றும், பிறர் பிடித்து வலிந்து இழுத்தல் ஆகாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். உறவினர் ஒருவர் எண்ணெய் காய்ச்சி எடுத்துவந்து முழங்கையை அழுத்தி உருவிவிட முனைந்தபோது, எம் மகள் குறுக்கே நின்று, "அத்தா, வேண்டாம்!" என்று தடுத்துவிட்டாள். அவள் செய்ததே சரி. அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால், தசைக்குள்ளேயே புதிய எலும்பு முளைத்து மூட்டைப் பூட்டிவிடுவதுண்டு.

ஆறு வாரங்களில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவரும் அடையாளம் தெரிந்தது. கையில் பாரம் ஊன்ற மருத்துவர் விடை தந்தது மூன்றாம் மாதத்தில். அதுவரை நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழுதோம். இன்றும் எம் வலக்கை முழுவதும் நிமிர்வதில்லை. சிறிது வளைவு மீந்தே இருக்கின்றது. அது இத்தகைய காயத்தில் இயல்பு என்றனர். எழுதவும் உண்ணவும் ஓதிக் கொடுக்கவும் அந்த வளைவு தடையாகவில்லை.

இதழைப் படிக்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல். நின்ற நிலையிலிருந்து குளியலறையில் வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிவது மாதவிடாய் நின்ற பெண்மணிகளிடம் மிகுதி. டப்ளின் நகரத்து ஆபிரகாம் காலிஸ் என்பவர் 1814-இலேயே, எக்ஸ்ரே இல்லாத காலத்தில், இம்முறிவை விரிவாக எழுதினார். அவ்வாறு முறிந்தால் கையை மட்டும் பார்த்து அமைதல் ஆகாது. எலும்பு மெலிந்துள்ளதா என்றும் சோதித்துக்கொள்ள வேண்டும். அடுத்து முறிவது இடுப்பெலும்பாக இருக்கக்கூடும். படிக்கு விளக்குப் போடுவதும், குளியலறைத் தரையை உலர்த்தி வைப்பதும் எளிய காரியங்கள். யாம் சோம்பிய ஒரு விளக்கின் விலை மூன்று மாதங்கள்.

அரபு மொழியில் 'ஜப்ர்' என்றால் முறிந்ததைப் பொருத்துதல். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தம் கணித நூலுக்கு அச்சொல்லைச் சூட்டினார். அதுவே ஐரோப்பாவில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. ஸ்பெயின் நாட்டில் எலும்பு கட்டுவோரையே அப்பெயரால் அழைத்தனர். கட்டுக்குப் பெயரான ஜபீராவும் அதே வேரிலிருந்து முளைத்தது. இறைவனின் திருநாமமாகிய 'அல்ஜப்பார்' என்பதற்கு, அடக்கியாள்பவன் என்பதோடு, முறிந்ததை இணைத்து வைப்பவன் என்றும் அறிஞர்கள் பொருள் உரைத்துள்ளனர். இவற்றையெல்லாம் இலக்கண வகுப்பில் யாம் பலமுறை சொல்லியிருக்கின்றோம்.

மூன்றாம் மாதத்து ஜும்ஆ ஒன்றில், முதன்முறையாக நாற்காலியை விட்டு ஸஃப்பில் நின்றோம். இடப்பக்கத்தில் எம் தோழர். ஸஜ்தாவில் எம் வலக்கை தரையில் ஊன்றி நின்றது. அருகே அவருடைய வலக்கை, விரல்கள் மடங்கியவாறே தரையைத் தொட்டிருந்தது. இரு ஸஜ்தாக்களுக்கு இடையே அமர்ந்து துஆ ஓதினோம். அதிலே 'வஜ்புர்னீ' என்றொரு சொல் வருகின்றது. 'என்னைப் பொருத்தி வைப்பாயாக' என்பது அதன் பொருள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நாவில் உருண்ட சொல்தான். அன்று அது எம்முடைய எலும்புக்காக மட்டும் வெளிவரவில்லை.